குடும்ப ஆலோசகரை நம்பலாமா?

(பரிசளிப்பு விழாவில் பெற்றோர்களுக்கு ஆற்றிய உரை)



இன்று பரிசு பெறும் மாணவர்களைப் பாராட்டிப் பேச எனக்கு முன்னும் பின்னும் பலர் இருக்கிறார்கள். தலைமையாசிரியர் அவர்கள் எனக்குக் கொடுத்த வேலை வேறு. பரிசுப் பட்டியலில் பெயர் வராத ஒரு பிள்ளை, அந்தப் பிள்ளையின் வீடு, அந்த வீட்டாருக்கு உதவ முன்வரும் குடும்ப ஆலோசகர், இவர்களுக்கு நடுவே நம்பிக்கை எப்படி உண்டாகிறது என்பதைப் பெற்றோர்களுக்கு விளங்கும்படி பேசவேண்டும் என்றார். நான் பயிற்சிச் சான்றிதழ் பெற்ற ஒரு தோட்டப் பள்ளி ஆசிரியன், ஆலோசகர் அல்லன். இத்துறையைப் பற்றிப் படித்தறிந்ததையும் நம் வீடுகளின் நடைமுறையையும் சேர்த்துச் சொல்கிறேன்.

நம்மிடையே நடக்கக்கூடிய ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்வோம். இங்கே நன்றாகப் படித்த பையன் முதலாம் படிவத்துக்குப் போனதும் மட்டம் போட ஆரம்பிக்கிறான். கேட்டால் பதில் இல்லை. அதட்டினால் கதவைச் சாத்திக்கொள்கிறான். பள்ளியிலிருந்து வீட்டுக்குக் கடிதம் வருகிறது. குடும்பத்தோடு வந்து ஆலோசகரைப் பார்க்கவேண்டுமாம். "ஏன், நம்ம பிள்ளைக்கு என்ன, பைத்தியமா புடிச்சிருக்கு?" என்கிறார் பாட்டி. "நான் என்ன தப்பு செஞ்சேன், என்னையும் சேர்த்துக் கூப்பிட?" என்கிறார் அப்பா. அம்மா ஒன்றும் சொல்வதில்லை. கடிதத்தை மடித்துச் சாமிப் படத்துக்குப் பின்னால் செருகி வைக்கிறார்.

போகிறவர்களும் உண்டு. ஒருமுறை போகிறார்கள், மறுமுறை போவதில்லை. உடனே, "இந்த ஜனங்களுக்கு ஒத்துழைக்கத் தெரியாது" என்று ஒரு முத்திரை குத்தப்படுகிறது. இந்தப் பேச்சை நான் ஒப்புக்கொள்வதில்லை. நான் மட்டுமல்ல, குடும்ப ஆலோசனை என்னும் துறையை உருவாக்கிய பெரியவர்களே ஒப்புக்கொள்ளமாட்டார்கள். குடும்பம் ஆலோசகரை நம்பவில்லை என்றால் அந்த நம்பிக்கையைத் தேடிச் சம்பாதிப்பது ஆலோசகரின் வேலை என்பதுதான் அவர்கள் வகுத்த பாடம். நாம் கடன்பட்டவர்களைப்போல் கைகட்டிக்கொண்டு போய் நம்பவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

எப்படி என்று சொல்கிறேன்.

சல்வடோர் மினுச்சின் என்று ஒரு மனநல மருத்துவர் இருந்தார். 1921-இல் அர்ஜென்டினா நாட்டின் ஒரு சிற்றூரில் பிறந்தவர், 2017-இல் மறைந்தார். அவர் அமெரிக்காவுக்குச் சென்று, நியூயார்க் மாநிலத்தில் வில்ட்விக் என்ற சிறுவர் பள்ளியில் வேலை பார்த்தார். அது விடுதிப் பள்ளி. திருட்டு, அடிதடி என்று பிடிபட்ட ஏழைப் பையன்களை அங்கே கொண்டுவந்து வைப்பார்கள். அவர்களில் பெரும்பாலோர் நியூயார்க் நகரத்தின் கறுப்பின, போர்ட்டோரிக்கோ குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். விடுதியில் பையன் திருந்துவான், வீட்டுக்குப் போவான், கொஞ்ச நாளில் பழைய குருடி கதவைத் திறடி என்று ஆகிவிடும். அப்போதுதான் மினுச்சினும் அவருடைய கூட்டாளிகளும் ஒன்றைக் கண்டுகொண்டார்கள். பையனை மட்டும் பிடித்து வைத்துப் பேசிப் பயனில்லை. அவன் சோறு தின்கிற வீடு முழுவதையும் உட்காரவைத்துப் பேசவேண்டும். 1967-இல் அதை ஒரு புத்தகமாக எழுதினார்கள். "சேரிகளின் குடும்பங்கள்" என்பது அதன் பெயரின் பொருள்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். வீடு முழுவதையும் அழைப்பது வீட்டின்மேல் குற்றம் சுமத்துவதற்காக அன்று. பிள்ளையை மாற்றும் சக்தி வீட்டில் இருக்கிறது என்பதற்காகத்தான். இந்த ஒரு வரியைக் கடிதத்தில் எழுதியிருந்தால் எத்தனையோ கடிதங்கள் சாமிப் படத்துக்குப் பின்னால் போயிருக்காது.

ஆனால் அந்த ஏழைக் குடும்பங்கள் ஏன் ஒரு டாக்டரை நம்பவேண்டும்? அவர்கள் அதுவரை கண்ட அதிகாரிகளெல்லாம் போலீஸ், நீதிமன்றம், நலத்துறை என்று எதையாவது பிடுங்கிக்கொண்டு போனவர்கள். ஆகவே மினுச்சின் முதல் வேலையாக ஒன்றைச் செய்யச் சொன்னார். குடும்பத்தை மாற்றப் புறப்படுமுன் குடும்பத்தோடு சேரவேண்டும் என்றார். இது வெறும் முகமன் அன்று. அந்த வீட்டில் யார் பெரியவர், யார் முதலில் பேசுவார், சிரித்துப் பேசும் வீடா, அளந்து பேசும் வீடா என்று பார்த்து, ஆலோசகர் தம் பேச்சையும் நடையையும் அதற்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளவேண்டும்.

நமக்கு இது புதிதா? சம்பந்தம் பேச முதல்முறை ஒரு வீட்டுக்குப் போகிறோம். வாசலில் செருப்பைக் கழற்றுகிறோம். பெரியவருக்கு முதல் வணக்கம். கொடுத்த தேத்தண்ணியில் சீனி இல்லையென்றாலும் குடிக்கிறோம். போன உடனே "உங்க வீட்டுக் கூரை ஒழுகுதே" என்றா சொல்கிறோம்? ஒரு நல்ல குடும்ப ஆலோசகரின் முதல் அரைமணி நேரம் அப்படித்தான் இருக்கும். பாட்டியைப் "பாட்டி" என்பார். அப்பாவிடம், "ஐயா, குலை வெட்டிட்டு நேரா வர்றீங்களா, சாப்பிட்டீங்களா?" என்பார். பையனிடமும் அவனுக்குரிய மரியாதையோடு, "தம்பி, இங்க வர்றதுல உனக்கு இஷ்டமா, இல்ல கூட்டிட்டு வந்துட்டாங்களா?" என்று கேட்பார். அவன், "கூட்டிட்டு வந்துட்டாங்க" என்று சொன்னால் கோபப்படமாட்டார். உண்மையைச் சொன்னதற்கு நன்றி சொல்வார்.

இன்னொரு செய்தியையும் தோட்டத்துப் பெரியோர்கள் கேட்கவேண்டும். மினுச்சின் பிறகு பிலடெல்பியா நகரத்துச் சிறுவர் மனநல நிலையத்துக்குத் தலைவரானார். அங்கே 1960-களின் கடைசியில் அவரும் ஜே ஹேலி போன்றவர்களும் சேர்ந்து, பட்டம் எதுவும் இல்லாத உள்ளூர் ஆட்களைத் தேர்ந்தெடுத்துக் குடும்ப ஆலோசகர்களாகப் பயிற்சி கொடுத்தார்கள். ஏழைக் குடும்பத்தின் பேச்சும் பாடும் அந்தத் தெருவில் பிறந்தவனுக்குத் தெரியும் என்று எண்ணித்தான் செய்தார்கள். நம் பிள்ளைகளில் யாராவது வருங்காலத்தில் இந்த வேலைக்குப் படிக்கவேண்டும் என்று நான் ஆசைப்படுவதும் அதனால்தான். டாக்டர், லாயர், என்ஜினியர் என்றே எல்லாரும் எழுதுகிறீர்கள். ஆலோசகர் என்று ஒரு பிள்ளையாவது எழுதக்கூடாதா?

சரி, நம் குடும்பம் அறைக்குள் போய்விட்டது. நான்கு நாற்காலி, நான்கு பேர். ஆலோசகர், "என்ன பிரச்சினை?" என்று பொதுவாகக் கேட்கிறார். அம்மாவுக்கு அடக்கி வைத்ததெல்லாம் பொங்கி வருகிறது. கால்மணி நேரம் பேசுகிறார், அழுகிறார். ஆலோசகர் தலையாட்டுகிறார், டிஷ்யூ கொடுக்கிறார். நல்ல மனிதர்தான். ஆனால் அப்பா மெல்ல நாற்காலியைப் பின்னால் தள்ளுகிறார், கையைக் கட்டிக்கொள்கிறார். பையன் கைப்பேசியை எடுத்துவிட்டான். பாட்டி கூரையைப் பார்க்கிறார். அம்மாவுக்கு முழுத் திருப்தி. "ரொம்ப நல்லவங்க, எல்லாத்தையும் கேட்டாங்க" என்று சொல்லிக்கொண்டு வருகிறார். அப்பாவோ, "அவங்க உன் கட்சி, இனிமே நீயே போ" என்கிறார். இரண்டாம் சந்திப்பு இல்லாமல் போவது பெரும்பாலும் இப்படித்தான்.

இதற்கு இத்துறையில் ஒரு பெயரே உண்டு. பிளவுபட்ட உறவு என்று தமிழில் சொல்லலாம். தனி ஆளுக்கு ஆலோசனை சொல்வதைக் காட்டிலும் குடும்பத்துக்குச் சொல்வது கடினமாவதற்கு இதுவே காரணம். ஒருவர் நம்பினால் போதாது. ஒருவரின் நம்பிக்கையைப் பெற்ற அதே நிமிடத்தில் இன்னொருவரின் நம்பிக்கை கைநழுவிப் போகலாம். எஸ்குடெரோ, ஃபிரைட்லண்டர், ஹெதரிங்டன் என்ற மூன்று ஆராய்ச்சியாளர்கள், குடும்பம் ஆலோசகரை நம்புகிறதா என்பதை அறையில் நடப்பதைப் பார்த்தே அறியும் முறை ஒன்றை வகுத்து, 2006-இல் புத்தகமாக வெளியிட்டார்கள். அவர்கள் பார்ப்பதில் இரண்டு, குடும்பத்துக்கே உரியவை. மற்ற குடும்பத்தார் முன்னிலையில் பேச ஒவ்வொருவருக்கும் பயம் இல்லாமல் இருக்கிறதா? வந்தவர்கள் எல்லாரும் ஒரே காரியத்துக்காகத்தான் வந்திருக்கிறோம் என்று உணர்கிறார்களா? அப்பா நாற்காலியைப் பின்னால் தள்ளியதை ஒரு நல்ல ஆலோசகர் பார்க்காமல் விடமாட்டார் என்பது இதிலிருந்தே விளங்கும்.

இத்தாலி நாட்டின் மிலான் நகரத்தில் மாரா செல்வினி பலாசோலி என்ற அம்மையாரும் அவருடைய மூன்று துணைவர்களும் இதற்கு ஒரு சோதனை சொன்னார்கள். 1980-இல் அவர்கள் எழுதிய கட்டுரையில் வருகிறது. சந்திப்பு முடிந்து வெளியே வரும் குடும்பத்தாரிடம், "ஆலோசகர் யார் பக்கம் பேசினார்?" என்று கேட்டால் அவர்களால் சொல்லமுடியக்கூடாது. அதுதான் நடுநிலை. அம்மாவிடம் பேசும்போது அம்மாவுக்கு, அப்பாவிடம் பேசும்போது அப்பாவுக்கு என்று சேர்ந்து சேர்ந்து விலகி, கடைசிக் கணக்கில் எவரோடும் கட்சி சேராமல் இருக்கவேண்டும்.

அவர்கள் கேட்கும் கேள்வியும் ஒரு தினுசு. "ஏன் பள்ளிக்குப் போகல?" என்று பையனைக் கேட்டால் அவன் குற்றவாளி ஆகிவிடுவான். அதற்குப் பதில் அவனிடமே, "தம்பி, நீ ஸ்கூலுக்குப் போகாத அன்னைக்கு, வீட்டுல யாரு அதிகமா கவலைப்படுறாங்க? அம்மா கவலைப்படும்போது அப்பா என்ன செய்வாரு? அப்ப பாட்டி எங்க இருப்பாங்க?" என்று கேட்பார்கள். அவன் சொல்லச் சொல்ல, அப்பாவுக்குத் தம்மைப் பிறர் எப்படிப் பார்க்கிறார்கள் என்பது தெரியவரும். யாரும் யாரையும் குற்றம் சொல்லவில்லை. ஆனால் வீட்டின் படம் மேசைமேல் வந்துவிட்டது. நான் வகுப்பறையில் சண்டை விசாரிக்கும்போது இந்த முறையைச் சில நேரம் கையாளுகிறேன். பிள்ளைகள் நன்றாகப் பதில் சொல்கிறார்கள்.

நடுநிலை என்ற சொல்லை எல்லாரும் ஏற்கவில்லை. ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் வேலை செய்த இவான் போசோர்மெனி-நாஜ் என்ற மருத்துவர், யார் பக்கமும் நிற்காமல் இருப்பதைவிட, முறை வைத்து ஒவ்வொருவர் பக்கமும் நிற்கவேண்டும் என்றார். அறையில் இல்லாதவர் பக்கமும் நிற்கவேண்டும் என்றார். எனக்கு இது மிகவும் பிடித்த கருத்து. நம் குடும்பங்களில் அறையில் இல்லாத ஆள் அடிக்கடி உண்டு. சிங்கப்பூரில் வேலை செய்துவிட்டு மாதம் ஒருமுறை வரும் அப்பா இருக்கிறார், இரவு வேலை செக்யூரிட்டி அண்ணன் இருக்கிறார். இல்லாதவர் தலையில் எல்லாப் பழியையும் போட்டுவிட்டால் அன்றைய சந்திப்பு இனிமையாக முடியும். அடுத்த மாதம் அவர் வீட்டுக்கு வந்ததும் தெரியும் சேதி.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். வீட்டில் அடி உதை இருந்தால் கதை வேறு. அடிப்பவருக்கும் அடிபடுபவருக்கும் நடுவில் நின்று, "இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது" என்று சொல்வது நடுநிலை ஆகாது. அப்படிப்பட்ட வீட்டாரை ஒரே அறையில் உட்காரவைத்து வாயைத் திறக்கச் சொன்னால், அங்கே சொன்ன சொல்லுக்கு வீட்டில் போய் அடி விழும். விஷயம் தெரிந்த ஆலோசகர் முதலில் தனித்தனியே பார்த்து, பயம் இருக்கிறதா என்று விசாரித்து, இருந்தால் பாதுகாப்புக்கு வழி செய்துவிட்டுத்தான் மற்றதைப் பேசுவார். தாய்மார்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். "எல்லார் முன்னாடியும் சொல்ல முடியாது, தனியா சொல்லணும்" என்று கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு.

அடுத்தது இரகசியம். நம்மவர்கள் வாய் திறக்காததற்கு நூற்றில் பாதிக் காரணம் இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். லயத்து வீட்டில் வாழ்ந்தவர்களுக்குத் தெரியும், இந்த வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டில் "நூறு" என்பார்கள். காலையில் நடந்த சண்டை மறுநாள் பெரட்டுக்களத்தில் பேச்சாகி, கிராணி காதுக்குப் போய், கோயில் கூட்டத்தில் முடியும். இப்போது பலர் லயத்தை விட்டு வீடமைப்புப் பகுதிக்கும் அடுக்குமாடிக்கும் போய்விட்டார்கள். பால் மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. அந்தப் பயம் மட்டும் மூட்டை முடிச்சோடு கூடவே போயிருக்கிறது. அது மூடநம்பிக்கை அன்று, பட்டறிவு. ஆகவே, "பயப்படாமல் சொல்லுங்கள்" என்று ஆலோசகர் சொன்னால் மட்டும் போதாது. எது வெளியே போகாது, எது போகும் என்று முதல் நாளே திட்டவட்டமாகச் சொல்லவேண்டும்.

மலேசியாவில் 1998-ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டம் என்று ஒன்று உண்டு. ஆலோசகர் என்ற பெயரில் தொழில் செய்பவர், ஆலோசகர் வாரியத்தில் பதிவு செய்து, தொழில் நடத்தச் சான்றும் பெற்றிருக்கவேண்டும். நீங்கள் சொல்வதை வெளியே சொல்லாமல் காப்பது அவர் கடமை. ஆனால் அதற்கு எல்லை உண்டு. ஒருவர் உயிருக்கு ஆபத்து என்றாலோ, பிள்ளைக்குக் கொடுமை நடக்கிறது என்றாலோ, நீதிமன்றம் கேட்டாலோ அவர் மூடி வைக்க முடியாது. 2001-ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டப்படி, பிள்ளை கொடுமைக்கு ஆளாகியிருக்கிறது என்று நம்பக் காரணம் இருந்தால் சமூக நல அதிகாரிக்குத் தெரிவிக்கும் கடமை குடும்பத்தாருக்கும் உண்டு. இந்த எல்லையை முன்கூட்டியே சொல்லும் ஆலோசகரைக் கண்டு சிலர் பயந்துவிடுகிறார்கள். நான் நேர்மாறாக நினைக்கிறேன். "எதையும் யாரிடமும் சொல்லவே மாட்டேன்" என்று சத்தியம் செய்கிறவரைவிட, "இதைச் சொல்லமாட்டேன், இதை மட்டும் சொல்லித்தான் ஆகவேண்டும்" என்கிறவர் நம்பத் தகுந்தவர்.

வீட்டுக்குள்ளேயும் இரகசியம் உண்டு. பையன் தனியாக ஆலோசகரிடம் ஒன்று சொல்கிறான். அது அம்மாவுக்குப் போகுமா? அம்மா போன் செய்து சொன்னது பையனுக்குப் போகுமா? ஆளுக்கொரு இரகசியத்தை ஆலோசகர் மடியில் கட்டிக்கொண்டால் பிறகு அவரால் நிமிர்ந்து பேச முடியாது. இதற்கும் முதல் நாளே ஓர் ஏற்பாடு வேண்டும். எந்த ஏற்பாடு என்பது இரண்டாம் பட்சம். எல்லாருக்கும் தெரிந்த ஏற்பாடாக இருக்கவேண்டும்.

மொழி விஷயத்துக்கு வருகிறேன். இது நமக்கென்றே உள்ள சங்கடம். ஆலோசகருக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம். அப்பாவுக்கு மலாய் நன்றாகப் பேச வரும்; ஆனால் மனத்தில் உள்ள துக்கத்தை மலாயில் சொல்ல வராது. பாட்டிக்குச் சந்தை மலாய்தான். இந்த நிலையில் என்ன செய்கிறார்கள் என்றால், பையனையே மொழிபெயர்க்கச் சொல்கிறார்கள். எண்ணிப் பாருங்கள். அம்மா அவன்மேல் சொல்லும் குறையை அவனே மலாயில் சொல்லவேண்டும். ஆலோசகர் அம்மாவுக்குச் சொல்லும் புத்தியை அவனே தமிழில் அம்மாவுக்குச் சொல்லவேண்டும். பதின்மூன்று வயதுப் பையன் நீதிபதியாகவும் குற்றவாளியாகவும் தரகனாகவும் ஒரே நேரத்தில் உட்கார்ந்திருக்கிறான். பாதியை விழுங்கிவிடுவான்; விழுங்காவிட்டால் வீட்டில் பெரியவர்களுக்கு மேலே ஏறி நின்றுவிடுவான். இரண்டும் கேடு. தமிழ் தெரிந்த ஆலோசகரைக் கேளுங்கள். இல்லையென்றால், உறவும் இல்லாத, பக்கத்து வீட்டாரும் அல்லாத, பெரிய ஆள் ஒருவரை மொழிபெயர்க்க ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். கேட்பது தவறில்லை. கேட்டால் மதிப்புக் குறையாது.

பேசும் மொழி ஒன்றானாலும் நோக்கம் ஒன்றாக இருக்கிறதா என்பது வேறு கேள்வி. எட்வர்ட் போர்டின் என்ற அறிஞர் 1979-இல் எழுதினார், ஆலோசகருக்கும் வந்தவருக்கும் உள்ள உறவு மூன்று காலில் நிற்கிறது என்று. ஒருவர்மேல் ஒருவர் வைத்த பற்று ஒரு கால். எதற்காகச் சந்திக்கிறோம் என்ற நோக்கத்தில் உடன்பாடு ஒரு கால். அதற்கு என்ன செய்யப்போகிறோம் என்பதில் உடன்பாடு மூன்றாவது கால். நாம் முதல் காலை மட்டும் பார்க்கிறோம். "நல்லாப் பேசுறாரு" என்கிறோம்.

நம் பையனின் வீட்டையே பாருங்கள். அவன் பள்ளிக்குப் போகவேண்டும் என்பது அம்மாவின் நோக்கம். அவன் கைப்பேசியைப் பிடுங்க யாராவது படித்த ஆள் உத்தரவு போடவேண்டும் என்பது அப்பாவின் நோக்கம். பாட்டிக்கு, பேரனைத் திட்டக்கூடாது, அவ்வளவுதான். பையனுக்கோ, பெரியப்பா மகனோடு ஒப்பிட்டுப் பேசுவதை நிறுத்தவேண்டும். நான்கு பேரும் நான்கு பஸ்ஸுக்கு டிக்கெட் வைத்திருக்கிறார்கள். ஆலோசகர் இவற்றில் ஒன்றை எடுத்துக்கொண்டு ஓட்டினால் மூன்று பேர் இறங்கிவிடுவார்கள். நான்கு பேரும் தலையாட்டக்கூடிய ஒன்றை அவர் தேடி எடுக்கவேண்டும். "ராத்திரி சோறு திங்கிற நேரத்துல சண்டை வேணாம்" என்பது அப்படி ஒன்றாக இருக்கலாம். சின்ன விஷயம்தான். நான்கு பேரும் தங்கள் வாயாலேயே ஒப்புக்கொண்ட விஷயம் என்பதில்தான் அதன் பலம் இருக்கிறது. பள்ளிக்கூடம் பிறகு வரும்.

நார்வே நாட்டில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை. முன்பெல்லாம் இத்துறையில், ஆலோசகர் குடும்பத்தோடு பேச, அவருடைய குழுவினர் ஒரு கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் உட்கார்ந்து பார்ப்பார்கள். அவர்களுக்குக் குடும்பம் தெரியும்; குடும்பத்துக்கு அவர்களைத் தெரியாது. உள்ளே என்ன பேசிக்கொண்டார்கள் என்பதும் தெரியாது. டோம் ஆண்டர்சன் என்ற மருத்துவர் நாட்டின் வடகோடியில் உள்ள டிரோம்சோ நகரத்தைச் சேர்ந்தவர். 1985 மார்ச் மாதத்தில் ஒருநாள், ஒரு குடும்பத்தோடு பேச்சு முன்னே நகரவில்லை. அவர் எழுந்து, "எங்கள் குழு உங்களைப் பற்றிப் பேசுவதை நீங்கள் கேட்க விரும்புகிறீர்களா?" என்று அந்தக் குடும்பத்தைக் கேட்டார். அவர்கள் சம்மதித்தார்கள். இந்த அறை விளக்கை அணைத்து, குழு இருந்த அறை விளக்கைப் போட்டு, ஒலியையும் மாற்றினார்கள். இப்போது குடும்பம் பார்க்கிறது, நிபுணர்கள் பேசுகிறார்கள். கேட்டு முடித்ததும் அந்தக் குடும்பத்தார் கோபிக்கவில்லை. சற்று நேரம் மௌனமாக யோசித்துவிட்டுத் தங்களுக்குள் நம்பிக்கையோடு பேசத் தொடங்கினார்கள்.

அன்றிலிருந்து அந்தக் குழுவின் பேச்சே மாறிப்போனது. கேட்கிறார்கள் என்று தெரிந்தால் யாரும் ஒரு தாயைப் பற்றி மரியாதையில்லாமல் பேசமாட்டார்கள் அல்லவா? நம்மைப் பற்றி நமக்குப் பின்னால் எழுதப்படும் குறிப்புகள் எத்தனை. பள்ளிக் கோப்பில், ஆஸ்பத்திரிக் கோப்பில், நல இலாகாக் கோப்பில். ஆசிரியர்களாகிய நாங்களும் எழுதுகிறோம். அந்தப் பிள்ளையின் தகப்பனார் பக்கத்தில் நின்று படித்தால் இப்படி எழுதுவோமா என்று கேட்டுக்கொண்டு எழுதினால் பள்ளிக் கோப்புகளும் நன்றாக மாறும். இது ஆசிரியர் அறையில் பேசவேண்டிய பேச்சு. இருந்தாலும் உங்கள் முன்னால் சொல்லிவைக்கிறேன்.

நேரம் ஆகிறது, காரியத்துக்கு உதவும் சிலவற்றைச் சொல்லி முடிக்கிறேன். முதல் சந்திப்பில் கேள்வி கேட்கும் உரிமை ஆலோசகருக்கு மட்டும் உரியது அன்று. "நீங்கள் பதிவு பெற்றவரா? எங்களை எத்தனை முறை பார்ப்பீர்கள்? காசு உண்டா? எழுதி வைப்பதை யார் யார் படிப்பார்கள்? பிள்ளை தனியாகச் சொல்வதை எங்களிடம் சொல்வீர்களா?" என்று நீங்களும் கேளுங்கள். நல்ல ஆலோசகர் முகம் சுளிக்கமாட்டார். நேரத்தையும் பேசிக்கொள்ளுங்கள். நாள் சம்பளக்காரருக்குக் காலை பத்து மணிச் சந்திப்பு என்றால் ஒருநாள் கூலி போயிற்று. "உங்களுக்கு எந்த நேரம் தோதுப்படும்?" என்று கேட்கும் ஆலோசகர் ஆயிரம் இனிய சொல் பேசுகிறவரைவிட மேல் என்பது என் அபிப்பிராயம். அவர் கேட்காவிட்டால் நீங்கள் சொல்லுங்கள்.

பிடிக்காத ஒன்று நடந்துவிட்டால், போகாமல் நின்றுவிடாதீர்கள். இதை அப்பாமார்களுக்கு முக்கியமாகச் சொல்கிறேன். நமக்கு மனத்தாங்கல் வந்தால் பேச்சை நிறுத்திவிடுவது பழக்கம். ஆனால், "போன தடவை நீங்க எல்லாத்துக்கும் என்னையே குத்தம் சொன்ன மாதிரி இருந்துச்சு" என்று ஒரு வாக்கியம் சொல்லிப் பாருங்கள். அதைக் கேட்டு அவர் திருத்திக்கொண்டால், முன்பு இருந்ததைவிட நம்பிக்கை பலப்படும். உடைந்து ஒட்டியபின் பலப்படும் உறவைப் பற்றி இத்துறையில் நிறையவே எழுதியிருக்கிறார்கள். அதைக் கேட்டும் அவர் உங்களைக் கடிந்துகொண்டால், வேறு ஆலோசகரைத் தாருங்கள் என்று கேட்கலாம்.

எங்கே போவது என்பீர்கள். இடைநிலைப்பள்ளிகளில் முழுநேர ஆலோசக ஆசிரியர்கள் இருக்கிறார்கள். தேசிய மக்கள்தொகை, குடும்ப மேம்பாட்டு வாரியம் குடும்பங்களுக்கு ஆலோசனைச் சேவை வழங்குகிறது. அரசாங்க ஆஸ்பத்திரிக்கு உங்கள் கிளினிக் டாக்டரே கடிதம் கொடுப்பார். வீட்டில் கொடுமை, அவசரம் என்றால் 15999 என்ற எண்ணில் "தாலியான் காசே" தொலைபேசிச் சேவை இருக்கிறது. மாணவர்களே, அந்த ஐந்து எண்ணை நீங்களும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், வாய்ப்பாட்டைவிடச் சுலபம்.

சாமிப் படத்துக்குப் பின்னால் ஏற்கனவே ஒரு கடிதம் இருந்தால், நாளைக்கே எடுத்துத் தேதியைப் பாருங்கள். தேதி கடந்திருந்தாலும் பள்ளிக்குப் போன் செய்து வேறு தேதி வாங்கலாம். மலாயில் பேசக் கூச்சமாக இருந்தால் கடிதத்தை என்னிடம் கொண்டுவாருங்கள். நான் பேசித் தருகிறேன். பரிசளிப்பு முடிந்ததும் தேநீர் மேசைப் பக்கம்தான் நிற்பேன். முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் வெகுநேரமாக வரிசையில் நிற்கிறார்கள். அவர்களுக்கு வழிவிட்டு அமர்கிறேன்.